கல்லுக்கு நாங்கள் பொறுப்பல்ல

என் காரின் முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளியை அடைப்பதற்காக நான் வாங்கி வைத்திருந்த நேரத்தை உறுதிப்படுத்துவதற்காக, கண்ணாடிக் கடையிலிருந்து இன்று காலை மிக இனிமையான குரலில் ஒருவர் அழைத்தார். அது இப்போது புள்ளியாக இல்லை, கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடாக ஓடிவிட்டது என்று சொன்னேன். அப்படியானால் இந்தப் பதிவு செல்லாது, கண்ணாடி மாற்றுவதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார். குரலில் இனிமை துளியும் குறையவில்லை.

கனடாவின் கால்கரி நகரில் குளிர்காலம் கழிப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கடுங்குளிரில் உப்பு பனியை உருக்காது என்பதால் சாலையெங்கும் பொடிக்கல்லைக் கொட்டுகிறார்கள். வண்டி வழுக்காமல் இருக்க அது வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொட்டிய கல்லை வசந்தம் வந்த பிறகுதான் கூட்டி அள்ளுகிறார்கள். அதுவரை அதை அள்ளி வீசும் பொறுப்பு முன்னால் போகும் லாரியின் சக்கரங்களுக்கும், வாங்கிக்கொள்ளும் பொறுப்பு பின்னால் வரும் நம் கண்ணாடிகளுக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் முதுகில் ‘தள்ளி வரவும், உடையும் கண்ணாடிக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்தைப் படிக்க வேண்டுமானால் கல் விழும் தூரத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். பொறுப்பல்ல என்று எழுதி மாட்டினால் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று தெரிந்திருந்தால், வீட்டுக் கடன் தவணைக்காக நானும் வாசலில் ஒரு பலகை மாட்டியிருப்பேன்.

என் கண்ணாடியில் பட்ட காயம் மிளகளவுகூட இல்லை. அன்றே கடைக்கு எடுத்துப் போனேன். உள்ளே ஈரம் உறைந்திருக்கிறது, அது காயாமல் ரெசின் என்ற பசையை ஊற்றினால் பிடிக்காது, குளிர் கொஞ்சம் தணியட்டும் என்று சொல்லி அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்தார்கள். உறையும் நீர் தன் பருமனில் 9 சதவீதம் பெருகும், அடுத்த வாரம் வரை அது கை கட்டிக்கொண்டு காத்திருக்காது என்பது கண்ணாடியையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

நேற்று காலை பூஜ்யத்துக்குக் கீழே 31 டிகிரி. கண்ணாடியின் உள்பக்கத்திலும் பனி பூத்திருந்தது. வெளியே தெரியாமல் ஓட்டினால் போலீஸ் அபராதம் போடும். தெரிய வேண்டுமானால் சூடான காற்றை விட வேண்டும். விட்டால் கண்ணாடி பிளக்கும். கார்க் கண்ணாடி என்பது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரண்டு தகடுகள். உள்தகடு சூடாகி விரியப் பார்க்கும், வெளித்தகடு குளிரில் விறைத்து நிற்கும், அந்த இழுபறியில் எங்கே பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கும். இதெல்லாம் தெரிந்துதான் ஹீட்டரை மிகக் குறைவாக வைத்து, பொறுமையின் திருவுருவமாக உட்கார்ந்திருந்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு தேரோட்டம். புள்ளியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் புறப்பட்ட விரிசல், தெருமுனையில் நான் வண்டியை நிறுத்தியபோது தானும் நின்றது. டீர்ஃபுட் நெடுஞ்சாலையில் ஏறியதும் அதுவும் வடம் பிடித்தது. மெக்நைட் பிரிவைத் தாண்டும்போது பயணியின் இருக்கைக்கு நேராக வந்து, இனி மேலே போவதா பக்கவாட்டில் போவதா என்று யோசிப்பதுபோல் சற்று நிலைகொண்டது. சாலையில் ஒரு மேடு வந்தது, முடிவு எடுத்துவிட்டது. 16ஆம் அவென்யூ வருவதற்குள் பின்பார்வைக் கண்ணாடிக்குக் கீழே, முன்கேமரா பார்க்கும் இடத்துக்குக் குறுக்காக ஓடியது. மெமோரியல் டிரைவ் நெருங்கும்போது சரியாக என் கண்மட்டத்தில் நின்று என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணாடியில் அவ்வளவு பரப்பு இருக்கிறது, அதற்குப் பிடித்தது என் கண்மட்டம் மட்டும்தான். அலுவலகத்தில் வண்டியை நிறுத்தியபோது அது எதிர் ஓரத்தைத் தொட்டு நிலைக்கு வந்திருந்தது.

இப்போது புதுக் கண்ணாடி மாட்டினால் அந்தக் கேமராவையும் மறுபடி நேர்படுத்த வேண்டுமாம், அதற்கு வேறு கட்டணம். காப்பீட்டில் புள்ளி என்றால் இலவசம், கோடு என்றால் முதல் தொகை என் கைக்காசு. இதற்கிடையே, எங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் விரிசல் இல்லாத காரே கிடையாது என்று அலுவலகத்தில் ஆறுதல் வேறு சொல்கிறார்கள். இந்த வார இறுதியில் சினூக் காற்று, அதாவது மலையிலிருந்து இறங்கிக் குளிரைத் திடீரென விரட்டும் வெப்பக்காற்று, வீசப்போகிறது என்பது அவர்களுடைய அடுத்த நற்செய்தி. 1943 ஜனவரி 22 அன்று அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் இதே சினூக், இரண்டே நிமிடத்தில் வெப்பநிலையைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலிருந்து மேலே 7 டிகிரிக்கு ஏற்றியது. பிறகு காற்று ஓய்ந்ததும் 27 நிமிடத்தில் மீண்டும் பழைய குளிருக்கே இறங்கி, ஊரில் கண்ணாடிகள் விரிசல் விட்டன. அந்த ஊருக்காவது வானிலைச் சாதனைப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது விலைப்பட்டியல்.

இது போதாதென்று மாலையில் வாகன நிறுத்துமிடத்தை விட்டு வெளியேறும்போது, சீட்டை நீட்டுவதற்காகப் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். ரப்பரோடு உறைந்து கிடந்த கண்ணாடி முதலில் முரண்டு பிடித்தது, பிறகு படாரென்று கதவுக்குள் விழுந்தது, அதன் பிறகு எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. திறந்த ஜன்னலோடு, அந்தக் குளிரில், பற்கள் தந்தியடிக்க மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிளிப்தான் உடைந்திருக்கிறது, ஆனால் கிளிப்பைத் தனியாக விற்பதில்லை, மோட்டாரோடு முழுத் தொகுதியாகத்தான் வாங்க வேண்டும் என்றார். சரி என்றேன். பிறகு அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, மிகுந்த அக்கறையோடு, “சார், முன்கண்ணாடியில் ஒரு விரிசல் இருக்கிறது, கவனித்தீர்களா?” என்று கேட்டார். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது, வெகுநேரம் அதை நிறுத்த முடியவில்லை.