ட்ரைபாடில் கை வைக்காதீர்கள்
நில அளவைக் கருவியை மட்டமாக நிறுத்த, பத்து நிமிடம் அதைத் தாங்கும் ட்ரைபாடோடு மல்லுக்கட்டி, மூன்று கால்களையும் மண்ணில் மிதித்து இறக்கி, ஃபுட் ஸ்க்ரூவை (கருவியின் அடியில் மட்டம் சரிசெய்யும் திருகு) மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மட்டம் காட்டும் குமிழியை நடுவில் நிறுத்துகிறேன். கருவியை 180 டிகிரி சுற்றிப் பார்த்தாலும் அசையவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தால், யாராவது வந்து அதன் மேலேயே கையை ஊன்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்! குமிழி வளையத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது.

“கொஞ்சம்தானே, பார்த்துக்கலாம்” என்கிறார்கள். எது கொஞ்சம்? கருவியின் பார்வைக் கோடு வெறும் 20 விநாடி (கோண விநாடியைச் சொல்கிறேன், ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) சாய்ந்தாலே, 50 மீட்டரில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் பிசகிவிடும்.

அப்புறம், ட்ரைபாட் காலின் நீளத்தைப் பிடித்து நிறுத்தும் திருகை இறுக்காமல் விடுகிறவர்கள். அந்தக் கால் மெல்ல வழுக்கி இறங்குவது யார் கண்ணிலும் படாது. கடைசிப் புள்ளியில்தான் தெரியும். மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.