பழைய பெயரில் புதிய லைப்ரரி வேண்டாம்

நிரல்களை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கட்டிக்கொள்ளும் ஜென்டூ லினக்ஸில் ஒரு நிரல் "இந்த லைப்ரரியைத் திறக்க முடியவில்லை" என்று சொல்லி நின்றுவிட்டால், புதியவர்களின் காதில் முதலில் விழும் ஆலோசனை இதுதான்: "புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டுவிடு, சரியாகிவிடும்." சிம்லிங்க் என்பது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர் மட்டுமே. பல ஆண்டுகள் லினக்ஸில் பழகியவர்களே இப்படிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது கேட்டவர்.

பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிக் கோப்பின் பெயரில் கடைசியாக வரும் எண் சும்மா வைத்ததில்லை. எஸ்ஓநேம் எனப்படும் அந்தப் பெயர், கம்பைல் செய்யும்போதே நிரலுக்குள் பதிந்துவிடுகிறது. பழைய நிரல்களோடு இனி ஒத்துப்போகாது என்ற அளவுக்கு லைப்ரரி மாறும்போது, அதை எழுதியவர்கள் எண்ணை மாற்றி அறிவிக்கிறார்கள். சிம்லிங்க் போடுகிறவர், அவர்கள் தராத உறுதிமொழியில் அவர்கள் பெயரால் கள்ளக் கையெழுத்துப் போடுகிறார்.

2010-இல், பிஎன்ஜி படங்களைக் கையாளும் லிப்பிஎன்ஜி லைப்ரரி 1.2-இலிருந்து 1.4-க்கு வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த லைப்ரரி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டது. படத்தைத் திறக்கும் முதல் அழைப்பிலேயே, நிரல் எந்தப் பதிப்பின் தலைப்புக் கோப்போடு கம்பைல் ஆனது என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் இரண்டு பதிப்புகளின் எண்களையும் சொல்லி மறுத்துவிடும். சிம்லிங்க் போட்டவர்களின் திரையில் நிரல் திறந்தது, படங்கள் மட்டும் வரவில்லை. அது நல்ல பாதுகாப்பு. குறைந்தபட்சம் எங்கே கோளாறு என்று தெரிந்தது.

பெரும்பாலான லைப்ரரிகள் இப்படிச் சோதிப்பதில்லை. ஒரு தரவுக் கட்டமைப்பில் எந்த விவரம் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பது நிரலுக்குள் உறைந்துபோயிருக்கும். புதிய லைப்ரரியில் நடுவே ஒரு விவரம் சேர்ந்திருந்தால், நிரல் தவறான இடத்தில் படிக்கும், தவறான இடத்தில் எழுதும். உடனே விழுந்துவிட்டால் தப்பித்தோம். விழாமல் ஓடினால்? ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0-இல் நிரல்கள் நேரடியாகத் தொட முடிந்த பல கட்டமைப்புகளை 2016-இல் வந்த 1.1 மூடி மறைத்துவிட்டது. மறையாக்கம் செய்யும் லைப்ரரியில் இப்படிக் குருட்டாம்போக்கில் இணைப்புப் போடச் சொல்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தீமை ஒன்று இருக்கிறது. உடைந்தவற்றைத் தேடித் திரும்பக் கட்டுவதற்கென்றே ஜென்டூவில் ரெவ்டெப்-ரீபில்ட் இருக்கிறது. ஒவ்வொரு நிரலும் கேட்கும் லைப்ரரி கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைக்காதவற்றின் பட்டியலை அது எடுக்கும். நாம் போட்ட சிம்லிங்க் அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தால், "எல்லாம் சரி" என்று அது திரும்பிவிடும். பழுதைக் காட்டும் கருவியின் கண்ணையே கட்டிவிட்டோம். ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜின் பதிவேட்டிலும் அந்த இணைப்பு இருக்காது. எந்த பேக்கேஜுக்கும் அது சொந்தமில்லை. அப்படி அநாதையாகக் கிடக்கும் இணைப்புகளோடு ஓடிக்கொண்டிருந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். எதனால் எது விழுகிறது என்று அவற்றின் உரிமையாளர்களுக்குத் தெரியவில்லை. "ஜென்டூவே இப்படித்தான்" என்று வெறுத்துப்போய் வேறு விநியோகத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

இத்தனைக்கும் இந்தச் சிக்கலுக்கு ஜென்டூ எத்தனையோ செய்து வைத்திருக்கிறது. போர்ட்டேஜ் 2.2 முதல், யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கும் பழைய லைப்ரரியை அது அழிப்பதில்லை. நிறுத்தி வைத்துக்கொண்டு, பிரிசர்வ்டு-ரீபில்ட் செய்யுங்கள், அதாவது அதை இன்னும் பயன்படுத்துபவற்றை மறுபடி கட்டுங்கள் என்று நமக்கு நினைவூட்டும். பேக்கேஜ் குறிப்புகளை எழுதும் விதிமுறையின் புதிய பதிப்பாக 2012-இல் வந்த இஏபிஐ 5-க்குப் பிறகு, ஒரு லைப்ரரி மாறினால் அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்களும் தானாகவே மறுபடி கம்பைல் ஆகும்படி எழுத முடிகிறது. ஆகவே இன்று உடைவது பெரும்பாலும், பாதியில் நிறுத்திய மேம்படுத்தலாலோ கைவேலையாலோதான்.

உடைந்துவிட்டால், முதலில் எதையும் செய்யாதீர்கள். மறுதொடக்கம் வேண்டவே வேண்டாம். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, திறந்திருக்கும் முனையத்தை மூடாதீர்கள். 2021-இல் லிப்கிரிப்ட் லைப்ரரி, ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் அடித்தளமான ஜிலிப்சியிலிருந்து பிரிந்து லிப்எக்ஸ்கிரிப்ட் என்ற தனிப் பேக்கேஜுக்குப் போனபோது இதன் அருமை புரிந்தது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அந்த லைப்ரரி. அது இல்லாத கணத்தில் லாகின், எஸ்யு, சூடோ மூன்றும் சேர்ந்து கைவிட்டுவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் அந்த ஒரு முனையம்தான் அப்போது மிச்சமிருக்கும் வழி.

அடுத்து, யார் எதைக் கேட்கிறார் என்று படியுங்கள். ரீட்எல்ஃப் கட்டளை நிரலை இயக்காமலேயே அதன் தேவைப் பட்டியலைக் காட்டும். அந்தக் கோப்பு எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று க்யூஃபைல் சொல்லும். அந்த பேக்கேஜை, நாம் கேட்டு நிறுவியவற்றின் பட்டியலில் சேர்க்காத ஒன்ஷாட் விருப்பத்தோடு, போர்ட்டேஜின் நிறுவும் கட்டளையான எமெர்ஜால் மறுபடி கட்டுங்கள். பெரும்பாலான பழுதுகள் இவ்வளவில் தீர்ந்துவிடும்.

எமெர்ஜே ஓடவில்லை என்றால் நிலைமை வேறு. அது பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானுக்கு வேண்டிய லைப்ரரி போனால் பழுதுபார்க்கும் கருவியும் போய்விட்டது. அங்கேதான் வெளி லைப்ரரி எதுவும் வேண்டாதபடி நிலையாக இணைத்துக் கட்டிய, அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய பிஸிபாக்ஸும், முன்பே கம்பைல் செய்து எடுத்துவைத்த இருமப் பேக்கேஜ்களும் கைகொடுக்கும். போர்ட்டேஜின் பில்ட்பிகேஜி வசதியை இயக்கி வைத்தால், கம்பைல் ஆகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி சேர்ந்துகொண்டே போகும். 2023 டிசம்பரில் ஜென்டூவே பெருமளவில் இருமப் பேக்கேஜ்களைத் தர ஆரம்பித்தபோது, மூலநிரல் மரபே போய்விட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை நான் ஏற்கவில்லை. அடிப்படைப் பேக்கேஜ்களின் ஆயத்தப் பிரதி கையருகே இருப்பது, மூலநிரலிலிருந்து கட்டுபவருக்குத்தான் மற்ற யாரையும்விடத் தேவை.

ஜிலிப்சியை மட்டும் பின்னோக்கி இறக்க முயலாதீர்கள். போர்ட்டேஜே மறுத்துவிடும், மறுப்பதற்குக் காரணமும் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் நிரல் தொடங்கும் செயற்கூறுக்கே புதிய பதிப்பு முத்திரை வந்தது. அதோடு கம்பைல் ஆன நிரல்கள் 2.33-இன் மேல் தொடங்கவே தொடங்காது. பைத்தான், பாஷ் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும். பிறகு யுஎஸ்பியிலிருந்து துவக்கி வெளியிலிருந்துதான் சரிசெய்ய வேண்டும்.

ஏற்கெனவே சிம்லிங்க் போட்டுவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. லைப்ரரிக் கோப்பகங்களில் இருக்கும் இணைப்புகளை க்யூஃபைலின் ஆர்ஃபன்ஸ் விருப்பத்துக்குக் கொடுங்கள், எவருக்கும் சொந்தமில்லாதவை வெளியே வரும். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள், எமெர்ஜே அவற்றில் ஒன்றின் மேல் நின்றுகொண்டிருக்கலாம். ரெவ்டெப்-ரீபில்டுக்கு லைப்ரரி விருப்பத்தில் அந்தப் பழைய பெயரையே கொடுத்தால், அதைக் கேட்கும் பேக்கேஜ்கள் அனைத்தும் மறுபடி கட்டப்படும். அது முடிந்த பிறகு இணைப்பை நீக்கி, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். கடைசியாக ரெவ்டெப்-ரீபில்டை எந்த விருப்பமும் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். இந்த முறை அது "எல்லாம் சரி" என்று சொன்னால் நம்பலாம்.