எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு கேட்டாங்க

இந்த வாரம் மட்டும் இன்பாக்ஸ்ல நாலு பேரு. நாலு பேருக்கும் ஒரே கேள்விதான், அண்ணே நியூரல் நெட்வொர்க்ல பிஎச்டி முடிச்சிட்டேன், போஸ்ட்டாக் எங்க கிடைக்கும், எந்த நாடு ஈஸின்னு. தெரியாதவங்களுக்கு: நியூரல் நெட்வொர்க்னா நெறைய உதாரணம் காட்டி கம்ப்யூட்டர பழக்குற முறை, போஸ்ட்டாக்னா பிஎச்டிக்கப்புறம் ஒரு லேப்ல சம்பளத்துக்கு கொஞ்ச வருஷம் ஆராய்ச்சி பண்ற வேல. தனித்தனியா டைப் பண்ண கை வலிக்குது, அதான் இங்கயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல என் கதையச் சொல்லிடுறேன், அதுல வெக்கப்பட வேண்டியது நிறைய இருக்கு.

என் தீசிஸ் சர்க்கரை நோயால கண்ணு விழித்திரை கெட்டுப்போறத போட்டோவ வெச்சு கண்டுபிடிக்கிறது. சிஎன்என், அதாவது படம் பாக்கறதுக்குன்னே இருக்கற நியூரல் நெட்வொர்க், அதுக்கு மேல கிரே வுல்ஃப் ஆப்டிமைசேஷன்னு ஓநாய்க் கூட்டம் வேட்டையாடறத காப்பியடிச்ச ஒரு கணக்கு முறை. நம்மூர்ல ஓநாயோ திமிங்கிலமோ வௌவாலோ ஏதாவது ஒண்ணு இல்லாம தீசிஸ் நகராதுன்றது ஸ்காலருங்களுக்குத் தெரியும், ஒரு சீனியர் மிருகக்காட்சி சாலைன்னே பேரு வெச்சிருந்தாரு. ஆக்குரஸி 98.6 சதவீதம். ஸ்கோபஸ் பட்டியல்ல இருக்கற ஜர்னல்ல மூணு பேப்பர். வைவாவுல ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல, முந்திரி பக்கோடா நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொன்னாங்க.

அப்புறம் ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா மெயில். நூத்தி முப்பது பேருக்கு மேல அனுப்பிருப்பேன், எல்லாத்துக்கும் ஒரே மேட்டர், "ரெஸ்பெக்டட் சார்"ங்கறத மட்டும் சிலதுல மேடம்னு மாத்துவேன், ரெண்டு மூணுல அதையும் மாத்த மறந்துட்டேன். பதில் வந்தது நாலு. அதுல ஒண்ணுதான் ஜூம் கால் வரைக்கும் வந்துச்சு, ஜெர்மனியில ஒரு லேப். அந்த புரொபசரம்மா கம்ப்யூட்டர் சயின்ஸே கிடையாது, கண்ணு சம்பந்தமான இமேஜிங்ல முப்பது வருஷம் இருக்கறவங்க.

ஓநாயப் பத்தி விளக்க ரெடியா உக்காந்திருந்தேன். அவங்க முதல் கேள்வியே இதெல்லாம் எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு. கேகிள்னு டேட்டா போட்டி நடத்துற வெப்சைட்டுல டவுன்லோட் பண்ணேன்னேன். சரி, யாரு எடுத்தாங்கன்னாங்க. 2019 போட்டிக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி குடுத்த டேட்டா, 3,662 படம்னேன். அது எங்க இருக்குன்னாங்க. மதுரைன்னேன். கொஞ்ச நேரம் என் சிவியப் பாத்துட்டு, நீங்களும் மதுரைதானேன்னாங்க.

அண்ணா நகர்ல அந்த ஆஸ்பத்திரி வாசல்ல தினம் பஸ்ல போயிருக்கேன். எங்க அப்பாவுக்கு அங்கதான் புரை ஆபரேஷன். நாலு வருஷம் அந்தப் படத்த வெச்சு பிஎச்டி பண்ணவன், அத எடுக்குற மெஷின ஒரு தடவ கூட கண்ணால பாக்கல. உள்ள போய் ஒரு டெக்னீஷியன்கிட்ட பேசணும்னு தோணவே இல்ல, கைடும் சொல்லல.

அடுத்த கேள்விதான் அடி. படங்கள திருப்பி, கவுத்து, சுத்தி எண்ணிக்கைய பெருக்குனீங்களே, அது ட்ரெயினிங் டெஸ்ட்னு பிரிக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?

முன்னாடி.

புரியாதவங்களுக்கு: ஒரே கண்ணோட படத்த நேரா பாடத்துல வெச்சிட்டு, அதையே கவுத்துப் போட்டு பரீட்சையில குடுத்திருக்கேன். வினாத்தாள் அவுட் ஆன பரீட்சையில 98.6 வாங்கறதுல என்ன பெருமை. அவங்க திட்டலாம் இல்ல, சரியா பிரிச்சு திரும்ப ஓட்டிட்டு ரெண்டு வாரத்துல வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஓட்டுனேன். 79. ஓநாய கழட்டிட்டு ஓட்டுனேன், அப்பவும் 79. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்னு, எங்க தப்பு பண்ணேன், ஏன் இறங்குச்சு, எந்தப் படத்துல மெஷின் தடுமாறுது, எல்லாத்தையும் ஒரு பக்கம் எழுதி அனுப்பிட்டேன். அந்த ஒரு பக்கத்துக்குதான் வேல குடுத்தாங்க, மூணு பேப்பருக்கு இல்ல, இத அவங்களே பின்னாடி சொன்னாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். எந்த நாடுன்னு கேக்காதீங்க, யாரோட பிரச்சனைன்னு கேளுங்க. சாட்ஜிபிடி மாதிரி பெரிய லாங்குவேஜ் மாடல் ட்ரெயின் பண்ற வேலைக்கு போஸ்ட்டாக்கா போறேன்னு கிளம்புனா, ஆயிரக்கணக்குல ஜிபியு, அதாவது இந்தக் கணக்க வேகமா போடற கார்டு, வெச்சிருக்க கம்பெனியோட ஓடணும், பெரும்பாலான யுனிவர்சிட்டி லேப்ல அந்தளவு மெஷின் கிடையாது, அந்த ஓட்டத்துல நம்ம சிவி கண்ணுக்கே தெரியாது. ஆனா டேட்டாவையும் கேள்வியையும் கையில வெச்சிக்கிட்டு, இத ஓட்டத் தெரிஞ்ச ஆள் கிடைக்கலியேன்னு உக்காந்திருக்கற பயாலஜிகாரங்க, வானிலைகாரங்க, மெட்டீரியல்ஸ்காரங்க, டாக்டருங்க எக்கச்சக்கம். நியூரல் நெட்வொர்க்குல போஸ்ட்டாக் வாய்ப்புன்னா எனக்குத் தெரிஞ்சு நம்மாளுங்களுக்கு வாசல் அங்கதான் தொறந்திருக்கு.

பெரிய மெஷின் இருந்தாதான் பெரிய வேலன்றதும் கிடையாது. மெடிக்கல் இமேஜிங்ல இருக்கற எல்லாரும் சாப்பிடுற சோறு யூ-நெட், படத்துல எது எங்க இருக்குன்னு பிரிச்சுக் காட்டுற நெட்வொர்க், 2015ல ஜெர்மனி ஃப்ரைபர்க்ல வந்துச்சு. அதுல செல் படத்துக்கு ட்ரெயினிங்குக்கு இருந்தது வெறும் 30 படம், 6 ஜிபி மெமரி உள்ள ஒரே ஒரு கார்டு, 10 மணி நேரம். இன்னைக்கு காலேஜ் பசங்க கேம் விளையாடற லேப்டாப்பே கிட்டத்தட்ட அவ்ளோ வெச்சிருக்கு. அவங்ககிட்ட இருந்தது அந்த பயாலஜிக்காரனுக்கு எது வலிக்குதுன்ற தெளிவு.

அதே விழித்திரை மேட்டர்லயே பாருங்க, 2016ல கூகுள்காரங்க ஒரு லட்சத்து 28 ஆயிரம் படம், 54 டாக்டருங்கள வெச்சு குறிச்சு பிரமாதமான ரிசல்ட் போட்டாங்க. அப்புறம் அந்த சிஸ்டத்த தாய்லாந்துல சாதாரண கிளினிக்குகள்ல வெச்சுப் பாத்தா, 2020ல வந்த ஆய்வுப்படி அஞ்சுல ஒரு படத்த மெஷின் தகுதியில்லன்னு தள்ளிடுச்சு. ரூம்ல வெளிச்சம் அணைக்க முடியல, இன்டர்நெட் இழுக்குது, நர்ஸம்மா கியூவ பாக்கறதா படத்த பாக்கறதா. இந்த இடைவெளி இருக்குல்ல, 99 சதவீதத்துக்கும் நர்ஸம்மாவோட ரூமுக்கும் நடுவுல, அதுக்குள்ள நூறு போஸ்ட்டாக்குக்கு வேல இருக்கு. ஓநாயால அத அடைக்க முடியாது.

சரி, பணம் எங்க வரும்னு கேப்பீங்க. ஐரோப்பால மேரி க்யூரி ஃபெல்லோஷிப், வழக்கமா செப்டம்பர்ல கடைசி தேதி, பிஎச்டிக்கப்புறம் 8 வருஷ ஆராய்ச்சி அனுபவத்த தாண்டக்கூடாது, போற நாட்டுல கடைசி மூணு வருஷத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. 2025ல 17 ஆயிரத்துக்கும் மேல அப்ளிகேஷன், அதனால ஆகஸ்ட் கடைசியில எழுந்து எழுதுனா கிடைக்கும்னு நினைக்காதீங்க, கூப்புடுற புரொபசர்கூட சேந்து மூணு நாலு மாசம் எழுதற சமாச்சாரம் அது. ஜெர்மனியோட ஹும்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு வருஷம் முழுக்க போடலாம், பிஎச்டி முடிச்சு 4 வருஷத்துக்குள்ள. ஜப்பானோட ஜேஎஸ்பிஎஸ் ஃபெல்லோஷிப் மாசம் 3,62,000 யென், 6 வருஷத்துக்குள்ள. மூணுக்குமே உங்கள வெச்சிக்கறேன்னு சொல்ற ஒரு ஆள் முதல்ல வேணும். அமெரிக்கா போஸ்ட்டாக்கெல்லாம் பெரும்பாலும் ஜே1ன்ற பரிமாற்ற விசாதான். அதுக்கப்புறம் ஹெச்1பி வேலை விசா வாங்கி அங்கயே செட்டில்னு கணக்கு போட்டு வெச்சிருந்தவங்க, 2025 செப்டம்பர்ல புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு அறிவிப்பு வந்ததுல ஆடிப்போயிட்டாங்க.

நம்மூர்லயே மத்திய அரசோட நேஷனல் போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோஷிப், என்பிடிஎஃப், இருக்கு, 35 வயசு வரைக்கும், சில பிரிவுக்கு தளர்வு உண்டு. ஐஐடி மெட்ராஸ்ல மூளை ஆராய்ச்சி மையம் 2022ல ஆரம்பிச்சு, கருவுல வளர்ற சிசுக்களோட மூளைய 5,132 துண்டா படமெடுத்து எல்லாருக்கும் ஓபனா வெச்சிருக்காங்க. உலகத்துல இருந்து ஆளுங்க டவுன்லோட் பண்றாங்க, நம்ம ஸ்காலருங்க இன்னும் அதே பழைய கேகிள் ஃபைல்ல சுத்துறோம்.

எதுக்குங்க போஸ்ட்டாக், கம்பெனிக்குப் போனா மூணு மடங்கு சம்பளம்னு ஒரு கோஷ்டி வரும். நியாயம்தான், வீட்டுக் கடன் இருந்தா கண்ண மூடிட்டு போங்க, நான் தடுக்க மாட்டேன். எங்க அத்தை இன்னும் போஸ்ட்டாக்னா போஸ்ட் ஆபீஸ் வேலன்னுதான் ஊர்ல சொல்லிட்டிருக்கு. ஆனா இந்தத் துறையோட முன்னோடிகள்ல ஒருத்தரான யான் லெகுன் 1987ல பிஎச்டி முடிச்சிட்டு டொரான்டோவுல இன்னொரு முன்னோடி ஹின்டன்கிட்ட போஸ்ட்டாக்கா போய் உக்காந்தப்ப நியூரல் நெட்வொர்க்க மதிச்சவங்க கொஞ்சம் பேருதான். அடுத்து அமெரிக்கால பெல் லேப்ஸ்ன்ற கம்பெனி ஆராய்ச்சி மையத்துக்குப் போய் கையெழுத்துல இருக்கற பின்கோட படிக்கற வேலையில இறங்குனாரு, அப்புறம் பேங்க் செக். பாருங்க, அதுவும் அடுத்தவங்களோட பிரச்சனையில போய் வேல செஞ்சதுதான்.

இன்னொண்ணு, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டு, ஆஃபர் லெட்டர் தரேன்னு எவன் மெயில் போட்டாலும் பிளாக் பண்ணுங்க. சம்பளம் குடுக்கறவன் உங்ககிட்ட காசு கேக்க மாட்டான்.

அந்த நாலு பேர்ல ஒரு தங்கச்சி, விருதுநகர் பக்கம், நெல் இலை நோய் டேட்டா. இந்த வார ஆரம்பத்துல போன்ல அதே முன்னாடியா பின்னாடியா கேள்விய கேட்டேன். சத்தமே இல்ல. நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் வருது, "அண்ணா திரும்ப ஓட்டுனேன், 97 இருந்தது 74 ஆயிடுச்சு, கைடுகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல, ஆனா எங்க சித்தப்பா வயல்ல போய் நானே நாப்பது இலை போட்டோ எடுத்துட்டு வந்தேன், சாயங்கால வெயில்ல எடுத்தது ஒண்ணுகூட சரியா சொல்ல மாட்டேங்குது, ஏன்ணா?"

இன்னும் பதில் போடல. எனக்கும் யோசிக்கணும்.