'நக்கெட்ஸ்' யாரும் கேட்காததா?
1960-களின் அமெரிக்க ராக் பாடல்களை 1972-இல் லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' இசைத்தட்டை 'யாரும் கேட்டிராத பாடல்கள்' என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அதிலுள்ள கவுண்ட் ஃபைவ் குழுவின் பாட்டு 1966-இல் பில்போர்டு என்ற அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் 5-ஆம் இடம்வரை போனது. ஊர் பேர் தெரியாத குழுக்களைத் தோண்டி எடுத்தது அப்புறம் வந்த 'பெப்பிள்ஸ்' என்ற இசைத்தட்டு வரிசைதான். அதில் ஒலிப்பதிவு கரகரவென்று இருக்கும். ஆனால் தகர டப்பாவுக்குள் வண்டு சிக்கிய மாதிரி ஃபஸ் கிட்டார் (ஒலியை வேண்டுமென்றே சிதைத்து வாசிக்கும் கிட்டார்) ரீங்கரிக்கும்போது அந்தக் கரகரப்பும் சேர்ந்துதான் ருசி.

இன்னொன்று விட்டுப்போச்சு, இந்த ஃபஸ் ஒலி வந்த கதை. 1961-இல் வெளிவந்த அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில், நாஷ்வில் நகர ஸ்டூடியோவின் ஒலிக்கலவைக் கருவி பழுதாகி பேஸ் கிட்டார் உறுமியது. அந்த உறுமலை வேண்டும்போது வரவழைக்கத்தான் மறுவருடம் காலால் மிதித்து இயக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ் பெடலே கடைக்கு வந்தது.