ஆட்டம் முடிந்தபின் "எனக்கு அப்பவே தெரியும்" என்பவர்களிடம் ஒரு கேள்வி

ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்று, தொடங்கினால் எனக்கு ஆட்டத்தைவிட ஆட்டத்துக்கு மறுநாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தோற்ற அணிக்காக ஒரு ராத்திரி நிம்மதியாக வருத்தப்படக்கூட விடமாட்டார்கள். விடிவதற்குள் வந்துவிடும், "இதுதான் நடக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்." எப்பவே தெரியும்? முந்தின நாள் வரை நீங்கள் என்ன எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று அதே வாட்ஸ்அப் குழுவில் நாலு செய்தி மேலே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

2025 ஜனவரி 18 அன்று நடந்ததைச் சொல்கிறேன். டெட்ராய்ட் லயன்ஸ் அந்த சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி, லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியில் முதல் இடம், முதல் சுற்றில் ஓய்வு, ஆட்டம் சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டில். எதிரே வாஷிங்டன் கமாண்டர்ஸ், அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேடன் டேனியல்ஸ் முதல் வருடத்துப் பையன். எங்கள் குழுவில் லயன்ஸ் தோற்கும் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. எத்தனை டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஆறு புள்ளி) வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றுதான் பேச்சு. லயன்ஸ் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்து 45-31 என்று தோற்றது. மறுநாள் பார்த்தால் ஊரே நிபுணர். "டிஃபென்ஸ்ல ஆளே இல்லையே, எய்டன் ஹட்சின்சன் இல்லாம எப்படி ஜெயிக்க முடியும், இது தெரிஞ்சதுதானே" என்கிறார்கள். டிஃபென்ஸின் தூணான அந்த ஹட்சின்சனின் கால் உடைந்தது அக்டோபரில். நவம்பர், டிசம்பர், ஜனவரி பாதி வரைக்கும் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், அதைத் தெரிந்துகொண்டேதான் லயன்ஸ் ஜெயிக்கும் என்று அடித்துச் சொன்னீர்கள், தோற்ற பிறகு அதே உடைந்த காலைத் தூக்கிக்கொண்டு வந்து காரணம் காட்டுகிறீர்கள்.

தப்பாகக் கணித்ததற்காக யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் போட்டியின் அமைப்பே அப்படி. கூடைப்பந்து மாதிரி ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் போதும் என்ற பேச்சு இங்கே கிடையாது. 14 அணிகள், ஒரு தோல்வி, வீட்டுக்குப் போ. முதல் இடம் பிடித்து ஓய்வு வாங்கிய அணிகூட மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால்தான் கோப்பை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அதற்கு 70 சதவீத வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மூன்றையும் ஜெயிக்க 34 சதவீதம்தான் வரும். அதாவது இருப்பதிலேயே நல்ல அணியும் கோப்பை வாங்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சரி, நீங்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் 65 சதவீதம் சரியாகக் கணிக்கிற கெட்டிக்காரர் என்றே இருக்கட்டும், 13 ஆட்டத்தையும் சரியாகச் சொல்ல உங்களுக்கு இருக்கிற வாய்ப்பு 270-ல் ஒன்று. இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புப் பெருக்கல் போதும். அப்புறம் எங்கிருந்து வருகிறது இந்த "தெரிஞ்சதுதானே"?

18 ஆட்டம் வரிசையாக ஜெயித்துவிட்டு வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்கிற கோப்பை இறுதிப் போட்டியில், ரீகுலர் சீசனில் 10 வெற்றி 6 தோல்வியோடு உள்ளே நுழைந்த நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. ஜயன்ட்ஸின் டேவிட் டைரி பந்தைத் தன் ஹெல்மெட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு விழுந்தாரே, அதை எந்த நிபுணர் முன்கூட்டிச் சொன்னார்?

கணிப்பைவிட எனக்கு ரத்தம் கொதிப்பது, முடிவு தெரிந்த பிறகு கோச்சைப் பிடித்து உலுக்குகிறார்களே, அங்கேதான். 2021 ஜனவரி 24, என்எஃப்சி இறுதிப் போட்டி, ஜெயித்தால் சூப்பர் பவுல். கிரீன் பே 31-23 என்று பின்தங்கியிருக்கிறது, டாம்பா பேயின் 8 யார்டு கோட்டில் நாலாவது டவுன் (முன்னேறக் கிடைக்கிற நாலு முயற்சியில் கடைசி, தவறினால் பந்து எதிரணிக்கு), மிச்சம் 2 நிமிடம் 9 விநாடி. கிரீன் பே கோச் மேட் லாஃப்ளூர் ஃபீல்ட் கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே கிக், அடிக்கவைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொண்டார், டிஃபென்ஸ் பந்தைத் திருப்பி வாங்கித்தரும் என்று நம்பினார், வாங்கித்தரவில்லை, 31-26. உடனே கோழை, ஆரன் ராட்ஜர்ஸ் மாதிரி ஒரு குவார்ட்டர்பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கிக் அடிப்பார்களா என்று வாய்க்கு வந்தபடி திட்டு. மூன்று வருடம் கழித்து, 2024 ஜனவரி 28, அதே என்எஃப்சி இறுதிப் போட்டி. லயன்ஸ் பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னிலை. மூன்றாவது குவார்ட்டரில் 24-10, சான் ஃபிரான்சிஸ்கோவின் 28 யார்டு கோட்டில் நாலாவது டவுன், வேண்டியது இரண்டே யார்டு. லயன்ஸ் கோச் டான் கேம்பெல் கிக் அடிக்கவில்லை, அந்த இரண்டு யார்டுக்குத் துணிந்து போனார். ஜோஷ் ரெனால்ட்ஸ் கைக்கு வந்த பந்து நழுவியது. நாலாவது குவார்ட்டரில் 27-24 என்று பின்தங்கியபோது இன்னொரு முறை துணிந்தார், அதுவும் கூடவில்லை. 34-31 என்று லயன்ஸ் தோல்வி. இப்போது என்ன திட்டு தெரியுமா? திமிர், மண்டைக்கனம், மூன்று புள்ளியை எடுத்துக்கொள்ளத் தெரியாதவன்.

கிக் அடித்தவன் கோழை, அடிக்காதவன் திமிர் பிடித்தவன். இரண்டையும் சொன்னது ஒரே வாய்! லாஃப்ளூர் செய்தது எனக்கும் பிடிக்கவில்லை, அவர் கிக்கரை உள்ளே அனுப்பும்போதே பிடிக்கவில்லை. கேம்பெல் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். சீசன் முழுக்க நாலாவது டவுனில் துணிந்து போய்த்தான் அந்த அணி அங்கே வந்து நின்றது. 32 வருடமாக ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்காத ஊருக்கு அந்த ஜனவரியில்தான் இரண்டு வெற்றி கிடைத்திருந்தது. அதோடு அந்தக் கிக் ஒன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை, பின்னால் நின்று அடிப்பதையும் கம்பம் கோட்டுக்கு அப்பால் இருப்பதையும் சேர்த்தால் சுமார் 46 யார்டு, அடிக்கவேண்டிய மைக்கேல் பேட்ஜ்லி அணியின் கிக்கராக ஆனதே டிசம்பரில்தான். இதையெல்லாம் எடைபோட்டு, இல்லை, அப்போதும் கிக்தான் சரி என்று ஒருவர் வாதாடினால் உட்கார்ந்து கேட்பேன். ரெனால்ட்ஸ் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் அதே முடிவை ஆகா ஓகோ என்று கொண்டாடியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் முடியவில்லை.

அப்போது சியாட்டில் கோச்சாக இருந்த பீட் கேரலை பத்து வருடத்துக்கும் மேலாக இன்னும் விட்டபாடில்லை. 2015 சூப்பர் பவுல், ஒரே ஒரு யார்டு பாக்கி, 26 விநாடி, கையில் ஒரே ஒரு டைம்அவுட், பந்தோடு ஓடுகிற மார்ஷான் லிஞ்சிடம் கொடுக்காமல் பாஸ் போடச் சொன்னார், எதிரணியான பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் பறித்தார், முடிந்தது கதை. லிஞ்சிடம் கொடுத்திருந்தால் கண்டிப்பாக டச்டவுன் என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். அந்த சீசனில் ஒரு யார்டு கோட்டிலிருந்து லிஞ்ச் ஓடிய ஐந்து முறையில் ஒரு முறைதான் டச்டவுன். பாஸ் கீழே விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும், அதனால் ஒரு பாஸைக் கலந்தால்தான் மூன்று முயற்சிக்கும் நேரம் இருக்கும். ஓடி மடக்கப்பட்டால் இருக்கிற ஒரே டைம்அவுட்டும் காலி. இதைத்தான் கேரல் கணக்குப் போட்டார். அந்தப் பக்கம் பட்லர், புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எந்த அணியும் எடுக்காத பையன், அதே பாஸை பயிற்சியில் பார்த்துத் தோற்று, அதனாலேயே இந்த முறை முந்திக்கொண்டு பாய்ந்தார். அந்தப் பையனின் உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கேரல் முட்டாள், அவ்வளவுதான்.

விமர்சனமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 2017 சூப்பர் பவுலில் அட்லாண்டா 28-3 என்று முன்னிலையில் இருந்தது, அது 28-20 ஆன பிறகும், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது, அட்லாண்டாவின் ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டோரம் ஒரு பந்தைப் பிடித்து பேட்ரியாட்ஸின் 22 யார்டு கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டு ஒரு கிக் அடித்திருந்தால் போதும். பின்னால் போய் பாஸ் போடப் பார்த்து குவார்ட்டர்பேக் மேட் ராயன் மடக்கப்பட்டு விழுந்தார், அடுத்து எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கு ஹோல்டிங் பெனால்ட்டி, கிக் தூரத்தையே தாண்டிப் பின்னால் போய்விட்டார்கள், கடைசியில் 34-28 என்று தோல்வி. அங்கே ஆட்டம் நடக்கும்போதே ஜனங்கள் ஓடு ஓடு என்று கத்தினார்கள். அது நியாயம், கத்தியவர்கள் முடிவைப் பார்த்துவிட்டுக் கத்தவில்லை.

இதில் அடிவாங்குவது மனிதர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2019 ஜனவரி 6, சிகாகோ பேர்ஸ் கிக்கர் கோடி பார்க்கி, பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக 43 யார்டு கிக். முதலில் அடித்தது நேராக உள்ளே போனது, ஆனால் அதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் ஈகிள்ஸ் டைம்அவுட் கேட்டிருந்ததால் செல்லாது. திரும்ப அடித்தார், பந்து இடது கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியில் பட்டு, வெளியே விழுந்தது. 16-15 என்று சிகாகோ தோல்வி. அன்றைக்கு அவருக்கு விழுந்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் லீக் அதைப் பிளாக் என்று திருத்திப் பதிவு செய்தது, பந்து கிளம்பும்போதே ஈகிள்ஸின் டிரேவான் ஹெஸ்டரின் கை அதில் பட்டிருந்தது. திட்டியவர்களில் எத்தனை பேர் வாயை மூடினார்கள்? "அவன் மிஸ் பண்ணுவான்னு தெரியும்" என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த ஜனவரியில் யாராவது என்னிடம் "தெரிஞ்சதுதானே" என்று ஆரம்பித்தால், முதல் நாள் எழுதியதைக் காட்டு என்றுதான் கேட்கப்போகிறேன், காட்டாமல் அடுத்த வார்த்தை பேசவிடமாட்டேன்.