பாட்டி வீட்டு முகவரி கொடுங்கள்

ஜப்பானில் ஒரு சின்னத் தீவில், ஓட்டு வீட்டு விடுதியில் தங்கியபோது எடுத்து, சனிக்கிழமை நான் போட்ட நான்கு படங்களுக்குக் கீழே நடந்த கூத்தை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். யாரோ ஒரு தம்பி மீம் போட்டிருந்தார். ஓட்டு வீட்டு வாசலில் நான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படம். அதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு பாட்டி திண்ணையில் வெற்றிலை இடிக்கும் படம். எனக்குக் கீழே "ஒரு லட்சம் யென்", பாட்டிக்குக் கீழே "இலவசம்". முதல் இரண்டு மணி நேரம் நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. இரவு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா மகனே அதை எடுத்துப் போட்டு, "அண்ணே, நம்ம அப்பாயி வீட்டுல வாடகை வாங்காம விட்டுட்டோமே" என்று எழுதியபோதுதான் சிரிப்பு நின்றது.

சரி, பேசிவிடலாம்.

ஆமாம், போனேன். ஆமாம், ஒரு இரவுக்கு ஒரு லட்சம் யென்னுக்கு மேல். இரண்டு இரவு. பத்தாவது கல்யாண நாள். தோக்கியோவின் மேற்குக் கசாயில் இரண்டு அறை வீட்டில் எட்டு வருடமாக இருக்கிறவன், பிப்ரவரியில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று பார்த்து, ஒன்றரை வருடம் சேர்த்த காசில் போனேன். யாரிடமும் கடன் வாங்கவில்லை. இந்தக் கணக்கை ஏன் இங்கே ஒப்பிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கார் வாங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்க பாட்டி வீட்ல ஃப்ரீ" என்று எழுதிய நாற்பது ஐம்பது பேரும் அந்தப் பாட்டி வீட்டு முகவரியைக் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்கு அங்கேயே வருகிறேன். ஓடு இருக்க வேண்டும், முற்றம் இருக்க வேண்டும். பாட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீடாவது இருக்க வேண்டும்.

ஞாயிறு காலையிலிருந்து கேட்கிறேன். ஒரு முகவரி வரவில்லை.

நான் போன இடம் தகெதோமி. ஜப்பானின் தெற்குக் கோடியில், ஒகினாவாவின் முக்கியத் தீவுக்கும் தெற்கே, தைவானுக்குப் பக்கமாக இருக்கும் யாயேயாமா தீவுக்கூட்டத்தில் ஒன்று. தோக்கியோவிலிருந்து இஷிகாகிக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து படகில் கால் மணி நேரம். சுற்றளவு ஒன்பது கிலோமீட்டர், ஊர் ஜனம் முந்நூற்றுச் சொச்சம். "ஜப்பானிய பாரம்பரிய வீடு" என்று படத்துக்குக் கீழே நான் எழுதியதே அரைகுறைதான். அது ரியூக்கியூ வீடு. 1879 வரை ரியூக்கியூ தனி அரசு. இதை மட்டும் ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார், நன்றி. மற்றவர்கள் சுட்டிக்காட்டியது என் தொப்பையை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "வெறும் ஓட்டு வீடு" என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. சிவப்பு ஓடு. ஒவ்வொரு ஓட்டின் இணைப்பிலும் வெள்ளையாகச் சுண்ணாம்புச் சாந்து அடைத்திருக்கிறார்கள். அழகுக்காக இல்லை, புயலுக்கு. வருடா வருடம் புயல் பார்க்கிற ஊர் அது. கூரைமேல் ஷீசா என்று ஒரு சிங்க பொம்மை உட்கார்ந்து முறைக்கிறது. மிஞ்சின ஓட்டையும் சாந்தையும் வைத்துக் கொத்தனாரே செய்துவைத்துவிட்டுப் போவது வழக்கமாம், அதனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சுற்றுச்சுவர் பவளக்கல். சாந்து கீந்து ஒன்றும் இல்லை, கல்மேல் கல், அவ்வளவுதான். காற்று சந்து வழியாகப் போய்விடும், சுவர் நிற்கும். வாசலுக்கு நேரே ஹின்புன் என்று ஒரு குட்டைச் சுவர், தெருவில் போகிறவன் கண்ணும் உள்ளே விழாது, பேயும் நுழையாது. வீடு தெற்குப் பார்த்தது. கோடையில் தென்காற்று அப்படியே ஊடுருவிப் போகும். தென்காற்றுக்கு அந்த ஊர் மொழியில் தனிப் பெயரே உண்டு.

தென்றல் என்று நாமும் பெயர் வைத்தோம். வைத்துவிட்டுத் தெற்குப் பக்கம் ஏசி அவுட்டோர் யூனிட்டை மாட்டினோம்.

இப்போது "அது ஒன்றும் பழைய வீடு இல்லை, ஹோட்டல்காரன் கட்டின செட்" என்ற வாதத்துக்கு வருகிறேன். உண்மை. நான் தங்கிய ஹோஷினோயா 2012இல் திறந்த விடுதி. 48 வீடுகள், எல்லாம் புதிதாகக் கட்டியவை. ஆனால் பக்கத்து ஊருக்குள் நடந்து போனால் வித்தியாசம் கண்டுபிடிக்க நேரமாகும். ஏனென்றால் அந்தத் தீவில் வந்து கட்டுகிறவன் அந்த ஊர் மாதிரிதான் கட்ட வேண்டும். ஓடு, மரம், கல் சுவர், வெள்ளை மணல் பாதை எல்லாம் ஊர் வழக்கப்படி. நம் ஊரில் விடுதிக்காரன் வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி பதிப்பான். வாசலில் டைனோசர் வைப்பான்.

இந்தக் கதையின் ஆரம்பம் 1971. அந்த வருடம் நீண்ட வறட்சி, அதன் பின்னாலேயே பெரிய புயல். ஜனம் பிழைப்புக்கு வெளியேறிக்கொண்டிருந்தது. 1972இல் ஒகினாவா அமெரிக்காவிடமிருந்து ஜப்பானுக்குத் திரும்பும் நேரம், ஜப்பானின் பெரிய தீவுகளிலிருந்து கம்பெனிகள் வந்து அடிமாட்டு விலைக்கு நிலம் வாங்கின. கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தைப் பிடித்து வைக்க ஊரார் கூடினார்கள். 1986இல் ஊர் சாசனமே எழுதினார்கள். விற்காதே, அசுத்தப்படுத்தாதே, ஒழுங்கைக் கெடுக்காதே, இடிக்காதே, இருப்பதை உயிரோடு வைத்துப் பயன்படுத்து. இவ்வளவுதான் சாரம். அடுத்த வருடமே அரசாங்கம் அந்த ஊரைப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்தது. முதலில் ஊர், அப்புறம்தான் அரசாங்கம்.

"விற்காதே என்று எழுதிவிட்டு ஹோட்டலுக்கு எப்படி நிலம் கிடைத்தது?" என்று ஒரு நண்பர் மடக்கினார். முன்பே வெளியே போயிருந்த நிலம் மறுபடியும் கைமாறாமல் இருக்க, தீவுக்காரர் ஒருவரும் விடுதி நிறுவனமும் சேர்ந்து ஒரு தனி அமைப்பு உண்டாக்கினார்கள். ஊரில் எல்லோருக்கும் அதில் சம்மதம் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். பிறகு கொந்தோய் கடற்கரைப் பக்கம் இன்னொரு விடுதித் திட்டம் வந்தபோது தீவுக்காரர்கள் பலமாக எதிர்த்தார்கள். அதாவது அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் எப்போது எந்த ஓட்டு வீட்டுக்காகச் சண்டை போட்டோம்? சொத்துப் பிரிக்கிற சண்டையைத் தவிர.

"ஹோட்டல் விளம்பரமா, எவ்வளவு வாங்கினாய்?" என்றும் ஒருவர். வாங்கியிருந்தால் இரண்டு இரவோடு ஏன் ஐயா திரும்பி வருகிறேன்.

இன்னொரு கேள்வியை ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டார். "ஓட்டு வீடு எல்லோருக்குமா இருந்தது? எங்கள் தெருவில் கீற்றுதான். உங்கள் ஏக்கத்தில் நாங்கள் இல்லை." நியாயம். ரியூக்கியூ அரசர் காலத்திலும் சாதாரண ஜனத்துக்கு ஓடு போட அனுமதி கிடையாது, புல் கூரைதான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மீம் போட்ட தம்பி இந்தக் கவலையில் போடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அறையில் டிவி இல்லை என்றதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! முதல் நாள் மாலை எனக்கும் கை பரபரத்தது. கடைசிப் படகு போன பிறகு ஊர் அடங்குகிற அடங்கலை எப்படி எழுதுவது. மாட்டுவண்டி நின்றுவிட்டது (எருமை வண்டி, சரியாகச் சொன்னால், பயணிகளை உட்காரவைத்து, ஓட்டுகிறவர் சன்ஷின் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாடுவார், எருமை தானே திருப்பங்களில் திரும்பும்). தெருவிளக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாதை முழுக்கப் பவள மணல், நிலா வெளிச்சத்தில் பால் கொட்டியதுபோல் கிடக்கிறது. இரவில் பாம்பு வந்தால் தெரியட்டும் என்றுதான் வெள்ளை மணல் போடுகிறார்கள் என்கிறார்கள். ஹபு என்ற விஷப்பாம்பு அங்கே உண்டு. என் மனைவி அதைக் கேட்டதிலிருந்து நிலாவை ரசிப்பதை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

விடியற்காலையில் ஊருக்குள் போனோம். ஒரு பாட்டி மூங்கில் துடைப்பத்தால் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தன் வாசலை மட்டும் இல்லை, தெருவை. மணலில் வரிவரியாகக் கோடு. மிதிக்க மனம் வரவில்லை, ஓரமாக நின்றோம். அவர் பார்த்துவிட்டுச் சிரித்து, நடங்கள் நடங்கள் என்று கையைக் காட்டினார்.

எங்கள் அப்பாயி வாசல் பெருக்கினால் இப்படித்தான் கோடு விழும். ஆறரைக்கெல்லாம் சாணி தெளித்துவிடும். மிதித்தால் துடைப்பத்தாலேயே அடி விழும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த விடுதி ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து தினை பயிரிடுகிறது. ஆமாம், நம்ம தினைதான். அந்தத் தீவின் பெரிய திருவிழா தானாதுய், விதை தூவுகிற விழா, அது தினை விதைக்கானது. இலையுதிர் காலத்தில் நடக்கும், அதில் இரண்டு நாள் விடாமல் ஆட்டமும் பாட்டும் நாடகமும் சாமிக்குப் படைப்பார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் அதற்கென்று திரும்பி வருகிறார்கள். நான் போனது பிப்ரவரி, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தினையைப் பற்றி நமக்குப் பாட்டு இருக்கிறது, முருகன் கதை இருக்கிறது. எங்கள் தெருவில் தினை விளைந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கடைசி ஆயுதத்துக்கு வருகிறேன். "ஓட்டு வீட்ல வாழ்ந்து பார்த்தா தெரியும்." இதைச் சொன்னவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஏனென்றால் நான் வாழ்ந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கம், அப்பாயி வீட்டில், ஒன்பதாம் வகுப்பு வரை. நாட்டு ஓடு. ஐப்பசிக்கு முன்னால் ஆள் வந்து ஓடு மாற்றுவார். உடைந்த ஓட்டைக் கீழே போடப் போட நாங்கள் பொறுக்கிக்கொண்டு ஓடுவோம், சில்லுக்கோடு ஆட. அப்புறம் அவரும் கிடைக்காமல் போனார், கூலியும் கட்டுப்படியாகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. தென்னை விழுந்த கணக்கு உங்களுக்கே தெரியும். வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. சுவர் நின்றது. கைமரம் நின்றது. தூண் நான்கும் தேக்கு, அசையவில்லை. நான் தோக்கியோவில் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு போனில் சொன்னேன்: "இடிச்சிடுங்க. பணம் அனுப்புறேன். தளம் போட்டுடலாம்."

தூண்களை யாரோ வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போனார். என்ன விலை கொடுத்தார் என்று நான் கேட்கவே இல்லை. காரைக்குடிப் பக்கம் ஏதாவது விடுதியில் நிற்கலாம். யாராவது ஒரு நாளைக்கு எட்டாயிரம் கொடுத்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆக, முகவரி கொடுங்கள் என்று கேட்டேனே, என்னிடமே இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அவர்களும் புயலில் அடிபட்டார்கள், நாங்களும் அடிபட்டோம். அவர்கள் சாசனம் எழுதினார்கள், நான் வங்கிக் கணக்கு எண் கேட்டேன். அதனால்தான் சித்தப்பா மகன் போட்ட அந்த ஒரு வரி அப்படிச் சுட்டது. வாடகை வாங்குவதற்கு எங்கேடா வீடு? இடித்த அன்று நீயும்தானே டிராக்டரில் மண் ஏற்றினாய்? கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

நேற்று அம்மா பேசினாள். மீம் அவளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, என் தங்கை புண்ணியத்தில்.

"ஏம்ப்பா, ஒரு நாளைக்கு அறுபதாயிரமாமே?"

"கிட்டத்தட்ட."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒழுகலையா?"

இரண்டாவது ராத்திரி நல்ல மழைம்மா, ஒரு சொட்டு இறங்கவில்லை, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்றேன்.

"சுண்ணாம்பு வச்சா நிக்குமா? நான் இருபது வருசம் குண்டானும் அண்டாவும் வச்சு ஏந்துனேன். எனக்குத் தளம்தாம்ப்பா நிம்மதி. சூடுதான், என்ன பண்றது."

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்த வாதத்தை மீம் தம்பி வைத்திருந்தால் நான் இவ்வளவு நீளம் எழுதியே இருக்க மாட்டேன்.

வைக்கும்போதுதான் சொன்னாள். கொல்லையில் மிச்ச ஓடு இருநூறோ முந்நூறோ அடுக்கி வைத்தது அப்படியே கிடக்கிறதாம், பாம்பு அடைகிறதாம், ஆள் வைத்து அள்ளிக் கொட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் இருக்கட்டும்மா" என்றேன்.

"வந்து என்னப்பா பண்ணப் போற?"