காலி செய்வது எந்தத் தேதி?

ஆச்சி: தம்பி, அட்வான்ஸைச் செக்காகத் தரட்டுமா, ரொக்கமாகவா?

மதுரைக்காரர்: எந்த அட்வான்ஸ் ஆச்சி?

ஆச்சி: வீட்டுக்குக் கொடுத்ததுதான். காலையில் போனில் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னீங்களே, மதுரை மாதிரி வருமா, காரைக்குடியெல்லாம் ஒரு ஊரா என்று. சரி, காலி செய்யப் போகிறார் போல என்று வாசலில் 'வீடு வாடகைக்கு' எழுதித் தொங்கவிட்டாயிற்று.

மதுரைக்காரர்: ஐயோ, அது சும்மா பேச்சு ஆச்சி! ராத்திரி 2 மணிக்கு இட்லி சாப்பிடணும் போல இருந்தது. இங்கே ஒரு கடை திறந்திருக்கவில்லை. எங்கள் மதுரையில் அந்த நேரத்திலும் அடுப்பு எரியும். தூங்கா நகரம்!

ஆச்சி: 2 மணிக்கு இட்லி கேட்டால் எங்கள் ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டுவோம். காலி செய்வது எந்தத் தேதி?

மதுரைக்காரர்: காலி செய்யவில்லை ஆச்சி! ஊர் ஞாபகம், அவ்வளவுதான். சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதை ஒரு தடவை பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஆச்சி: பார்த்திருக்கிறேனே. அணையைத் திறந்துவிட்ட பிறகுதான் ஆற்றில் தண்ணீரே வந்தது. சாமிக்குப் பட்டும் பூவும் வாங்குவது சரி, ஆற்றையுமா வெளியூரிலிருந்து வரவழைப்பார்கள்?

(மதுரைக்காரர் இதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.)

மதுரைக்காரர்: தங்கம் தியேட்டர் தெரியுமா? 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. ஆசியாவிலேயே பெரியது என்பார்கள்!

ஆச்சி: அந்தப் படத்துக்குப் பின்னால் நின்ற ஏ.வி.எம். செட்டியார் எந்த ஊர்? காரைக்குடியில் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' எடுத்தவர். பண்டம் எங்களது, பாத்திரம் உங்களது. அந்தப் பாத்திரத்தையும் இடித்துவிட்டீர்கள்.

மதுரைக்காரர்: சரி, சாப்பாட்டில் உங்களை ஒத்துக்கொள்கிறேன். மதுரையில் எங்கே திரும்பினாலும் செட்டிநாடு ஹோட்டல்தானே!

ஆச்சி: அந்தக் கொடுமையை ஏன் கேட்கிறீங்க. ஒரு கடையில் உட்கார்ந்தேன். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று நாங்கள் பார்த்துப் பார்த்துப் போடுகிற குழம்பு. அங்கே மிளகாய்த்தூளைக் கொட்டிக் கலக்கியிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டால் அது செட்டிநாடாம். சமைத்த பையனிடம் எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். இந்தியில் பதில் வந்தது.

மதுரைக்காரர்: அதற்கு நான் என்ன செய்வேன் ஆச்சி?

ஆச்சி: நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். கடைசியாக எப்போது மதுரைக்குப் போனீங்க?

மதுரைக்காரர்: அது... பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகிறது. மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஒரே டிராஃபிக். வெயில் வேறு. அங்கே மனுசன் இருப்பானா?

ஆச்சி: நல்லா இருக்கு! என் மகன் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு காரைக்குடி மாதிரி வருமா என்கிறான். நீங்கள் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு மதுரை மாதிரி வருமா என்கிறீங்க. அவன் பெருமை பேசுகிற வீட்டில் பாதி அறையைத் திறந்து வருசக்கணக்காயிற்று. பர்மாத் தேக்குத் தூணெல்லாம் தூசி. துடைக்கிறது நான், பெருமை அவனுக்கு. பொங்கலுக்கு வாடா என்றால் டிக்கெட் விலை சொல்கிறான்.

மதுரைக்காரர்: ...

ஆச்சி: அது கிடக்கட்டும். போர்டைப் பார்த்து ஒருவர் வந்தார். திருநெல்வேலிக்காரர்.

மதுரைக்காரர்: (பதறி) அட்வான்ஸ் வாங்கிவிட்டீங்களா?

ஆச்சி: குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்ன இருந்தாலும் தாமிரபரணி மாதிரி வராது என்றார்.

மதுரைக்காரர்: பார்த்தீங்களா! சரியான ஊர்ப்பெருமை பிடித்த ஆள். இவர்களையெல்லாம் வீட்டில் வைக்கவே கூடாது ஆச்சி!